தோழியோடு பாங்காக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் நானும் என் கல்லூரித் தோழியும் பாங்காக் போய்வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வழக்கமாக மாமியார், முதுகுவலி, மாடித்தோட்டம் என்று கேட்பவர்கள் எல்லாரும் இந்த முறை பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க பாங்காக்தான். முதுகுவலிக்காரர்கள் மன்னிக்கவும், உங்களுக்கும் நடுவில் ஒரு பதில் இருக்கிறது.

கே: நானும் என் தோழியும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாங்காக் என்றதும் என் மகனே சிரிக்கிறான். "அது ஆம்பளைங்க போற ஊரும்மா" என்கிறான். இரண்டு பெண்கள் தனியாகப் போகலாமா?
(கும்பகோணம் வாசகி)

ப: தம்பியின் சிரிப்புக்குக் காரணமான ராத்திரிக் கேளிக்கைத் தெருக்கள் பட்போங், நானா, சோய் கவ்பாய் என்று நாலைந்து. புறநகரையும் சேர்த்தால் ஒரு கோடிக்கு மேல் ஜனம் வாழ்கிற ஊர் அது. மிச்சத் தெருக்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள், பிக்குகள் விடியற்காலையில் பாத்திரம் ஏந்தி வருகிறார்கள், பெண்கள் கடை போடுகிறார்கள். சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் கரண்டி பிடித்திருந்ததும் கல்லாவில் உட்கார்ந்திருந்ததும் பெரும்பாலும் பெண்களைத்தான் பார்த்தேன்.

திருச்சியில் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் தனியாக ரோட்டுக்கடையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டால், சாப்பிடுகிற நாலு பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அங்கே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடும் பெண்கள் வரிசையாக இருந்தார்கள், எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பயந்தது நடைபாதையில் ஏறிவரும் மோட்டார் சைக்கிளுக்குத்தான். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட பைக்-டாக்சிக்காரர்களுக்கு நடைபாதையும் ரோடுதான். பையனிடம் அதைச் சொல்லுங்கள்.

கே: டிராஃபிக் பயங்கரமாக இருக்குமாமே? எப்படிச் சுற்றினீர்கள்?
(நாமக்கல் வாசகர்)

ப: ரோட்டை நம்பினால் பயங்கரம்தான். நாங்கள் ரோட்டை நம்பவில்லை. பாங்காக்கில் தலைக்கு மேலே ரயில் போகிறது (1999 டிசம்பரில் தொடங்கிய பி.டி.எஸ்.), தரைக்குக் கீழேயும் ரயில் போகிறது (2004-ல் தொடங்கிய எம்.ஆர்.டி.), இது போதாதென்று ஆற்றிலும் கால்வாயிலும் படகு போகிறது. இந்த நாலையும் கலந்து பிடிக்கத் தெரிந்துகொண்டால் கார் தேவைப்படுவது அபூர்வம். ஒரு எச்சரிக்கை: இரண்டு ரயிலும் வேறு வேறு நிர்வாகம், இதன் டிக்கெட் அதில் செல்லாது.

சாவோ ப்ரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகுதான் உள்ளூர்க்காரர்கள் ஏறுவது. எவ்வளவு தூரமானாலும் 16 பாத் (பாத் அவர்கள் நாணயம்). சபான் தாக்சின் ரயில் நிலையத்துக்குக் கீழேயே சாதோன் துறை இருக்கிறது. அங்கே ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் சுற்றுலாப் படகுக்கு உங்களைக் கூப்பிடும். அதே தண்ணீர், அதே கரை, பல மடங்கு கட்டணம். காதில் விழாதது மாதிரி நடந்துபோய் ஆரஞ்சுக் கொடிக்கு நில்லுங்கள். தா தியென் துறையில் இறங்கினால் வாட் போ (வாட் என்றால் கோயில்). எதிர்க்கரையில் வாட் அருண். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுபோய் விடும் அக்கரைப் படகு உண்டு.

ஆனால் எனக்குப் பிடித்தது சேன் சேப் கால்வாய்ப் படகு. மூன்றாம் ராமா என்கிற அவர்கள் அரசர் காலத்தில், 1837 முதல் 1840 வரை, கிழக்கே படையும் தளவாடமும் போவதற்காக வெட்டிய கால்வாய். இன்று அலுவலகம் போகிறவர்கள் அதில் போகிறார்கள். தண்ணீர் கறுப்பு, வாசனை நம்ம கூவம் ரகம். படகு துறையில் நிற்பது மூச்சு விடுகிற நேரம்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் கால் வைத்துத் தாவி இறங்க வேண்டும், ஹைஹீல்ஸ் போட்ட பெண்கள் கூட அப்படித்தான் இறங்குகிறார்கள். எதிரே இன்னொரு படகு வந்தால் அலை அடிக்கும். உடனே ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுக்க, தார்ப்பாய் மேலே ஏறித் தண்ணீரைத் தடுக்கும். அதாவது ஓரத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கும் வேலை உண்டு. டிக்கெட் கொடுப்பவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளிவிளிம்பில் நடந்தே வருவார். ஹெல்மெட் எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஒரு தாழ்வான பாலம் வந்தது, படகின் கூரையையே கீழே இறக்கினார்கள்.

இந்தப் படகுக்குச் சேலை சரிப்படாது. சுடிதாரும், பின்னால் வார் வைத்த செருப்பும்தான். முட்டிவலி உள்ளவர்கள் ஆற்றுப் படகோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: நான் சைவம், என் தோழி எல்லாம் சாப்பிடுவாள். அங்கே போய் நான் பிஸ்கட்டில் உயிர் வாழ வேண்டுமா?
(மன்னார்குடி வாசகி)

ப: என் கதையே இதுதான், ஆனால் தலைகீழ். எங்களில் நான்தான் மீன் சாப்பிடுபவள், தோழி வெங்காயம் கூட வெள்ளிக்கிழமை தொடமாட்டாள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: "மீட் வேண்டாம்" என்று சொன்னால் அங்கே போதாது. மாமிசத்தை எடுத்துவிட்டு மீன் சாஸ் ஊற்றிக் கொடுப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உப்பு. கீரை வதக்கலில் சிப்பி சாஸ், பச்சைக் குழம்பு மசாலாவில் இறால் விழுது, பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறால். கண்ணுக்குத் தெரியாமல்தான் எல்லாம் உள்ளே போகும்.

தப்பிக்க வழி, மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று தாய்லாந்து மொழியில் எழுதிய கொடியோ பலகையோ உள்ள கடை. அந்த எழுத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது சீன பௌத்த வழிவந்த கடுமையான சைவம். முட்டை, பால் கிடையாது, பூண்டும் வெங்காயமும் கூடக் கிடையாது. என் தோழி அந்தப் பலகையைப் பார்த்ததும் தாய்வீட்டுக்கு வந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். சீனத் தெருவான யாவோராட் பக்கம் இப்படிக் கடைகள் நிறைய. சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரில், ஒன்பது நாள் விரதத் திருவிழா வரும். அப்போது போனால் எங்கே பார்த்தாலும் மஞ்சள் கொடிதான். அந்தப் பலகை இல்லாத இடத்தில் "கின் ஜே" என்று சொல்லுங்கள், நான் ஜே சாப்பிடுபவள் என்று புரிந்துகொள்வார்கள்.

மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய பசைச்சோறும் சைவர்களுக்குப் பயமில்லை. கொய்யாவுக்கு உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடுவது அங்கேயும் உண்டு, சர்க்கரையும் சேர்ப்பார்கள் என்பதுதான் வித்தியாசம். பாஹுராத் பக்கம் குருத்வாராவும் இந்தியக் கடைகளும் இருக்கின்றன. ரொட்டி, பருப்புக்கு ஏங்கினால் அங்கே போகலாம். நான் போகவில்லை. விமானம் ஏறி வந்தது பருப்பு சாப்பிடவா?

கே: அரண்மனை மூடியிருக்கிறது என்று சொல்லி ஆட்டோக்காரர் எங்கேயோ கூட்டிப்போவார் என்கிறார்களே, நிஜமா?
(மதுரை வாசகர்)

ப: நிஜம். அரண்மனைச் சுவர் ஓரமாக நீங்கள் நடக்கும்போது, நன்றாக உடுத்திய ஒருவர் கனிவாக வந்து, "இன்று விசேஷம், மதியம்தான் திறப்பார்கள், அதற்குள் இருபது பாத்துக்கு டுக்டுக்கில் நாலு கோயில் பார்த்து வாருங்கள்" என்பார். டுக்டுக் ஒரு கோயிலையும் மூன்று ரத்தினக்கல் கடைகளையும் காட்டும். கடைக்காரர் ஓட்டுநருக்குக் கமிஷன் கொடுப்பார். பதில் பேசாமல் வாசல்வரை நடந்துவிடுங்கள். காலை 8.30-க்குத் திறக்கிறார்கள், மாலை 3.30-க்கு டிக்கெட் முடிந்துவிடும், கட்டணம் 500 பாத். தோள் தெரிகிற சட்டை, முழங்கால் தெரிகிற உடை இரண்டுக்கும் உள்ளே இடமில்லை.

கே: என் தோழிக்கு ஷாப்பிங் பைத்தியம். எனக்குக் கோயில், மியூசியம். போன இடத்தில் சண்டை வராதா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
(கோவை வாசகி)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் ஆசிரியரிடம் இடம் அதிகம் கேட்டேன். சமாளிக்கவில்லை அம்மா, பிரிந்துவிட்டோம். தினமும் அரை நாள் அவள் வழியில் அவள், என் வழியில் நான். காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் சேர்ந்து. தோழியோடு பயணம் போகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, காலை ஏழிலிருந்து ராத்திரி பத்துவரை ஒட்டிக்கொண்டு திரிவது. கல்யாணம் ஆன புருஷனோடேயே அது முடியாது. பாங்காக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு என்னுடைய முதல் காரணமும் அதுதான். ரயிலும் படகும் இவ்வளவு ஒழுங்காக ஓடுகிற ஊரில்தான் இரண்டு பெண்கள் பயமில்லாமல் பிரிய முடியும்.

அவள் சத்துசாக் சந்தைக்குப் போன சனிக்கிழமை, நான் அரண்மனைக்குள் வாட் ப்ரா கேவ் கோயிலில் இருந்தேன். எல்லாரும் மரகத புத்தரைப் பார்த்துவிட்டு வெளியே போகிறார்கள். பச்சைக்கல்லில் செய்த, 66 சென்டிமீட்டர் உயரமுள்ள சின்ன மூர்த்தி அது. கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒரு அலங்காரம், அதை மாற்றுகிறவர் அரசர். அவசரக்காரர்கள் விட்டுவிட்டுப் போவது சுற்றுப் பிராகாரச் சுவரை. 178 பகுதிகளாக ராமாயணம் முழுவதும் தீட்டியிருக்கிறார்கள். அவர்கள் ராமகியென் என்பது நம் கதைதான், ஆனால் அவர்கள் கையில் வேறு ஆகிவிட்டது. ராவணன் பச்சை நிறம். தன் உயிரைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான், அதை அனுமன் தந்திரமாகக் கைப்பற்றுகிறான். அந்த அனுமன் இருக்கிறானே, வெள்ளைக் குரங்கு, பிரம்மச்சாரி கிடையாது! பாலம் கட்டும்போது கல்லைத் திருடிப்போகிற மச்சகன்னி, அவள் ராவணனின் மகள், அவளோடேயே காதல். சனிக்கிழமை வடைமாலை சாத்துகிற என் தோழியிடம் ராத்திரி இதைச் சொன்னேன். "நல்லவேளை நான் வரல" என்றாள்.

அவளுடைய சத்துசாக்கில் கடைகள் 15,000-க்கும் மேல், 27 பிரிவுகள். நடுவில் ஒரு மணிக்கூண்டு. அதை அடையாளம் வைத்துக்கொண்டால் தொலையமாட்டோம் என்றாள். யாவோராட்டுக்கு மட்டும் சேர்ந்து போனோம், ஏனென்றால் அங்கே எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: தங்கம். எனக்கு வாட் ட்ரைமித் தங்க புத்தர், ஐந்தரை டன். பல காலம் சுண்ணப்பூச்சுக்குள் ஒளிந்திருந்து, 1955-ல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்து வெளிப்பட்டவர். அவளுக்குச் சிவப்பு நிறத்தில் ஜொலிக்கிற நகைக்கடைகள். அங்கே நகைத் தங்கத்தின் சுத்தம் 96.5 சதவீதம், நம் 916-ஐவிட மேல். எடையையும் பாத் என்றுதான் சொல்வார்கள். ஒரு பாத் எடை 15 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம், நம் இரண்டு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. சுங்கத்தில் நகைக்கான சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் என்பதை நினைவுபடுத்தி அவளை வெளியே இழுத்து வந்தேன்.

பிரிகிறவர்களுக்கு ஒரு யோசனை. "மால் வாசலில் பார்க்கலாம்" என்று பேசி வைக்காதீர்கள், அங்கே மாலுக்கு எட்டு வாசல். ரயில் நிலையத்தின் பெயரையும் வெளிவாசல் எண்ணையும் சொல்லிக்கொள்ளுங்கள். எல்லா வாசலுக்கும் எண் உண்டு. இருவரும் தனித்தனி சிம் வாங்குங்கள், ஹாட்ஸ்பாட் பகிர்ந்துகொள்கிற சிக்கனம் வேண்டாம்.

கே: பணக் கணக்கு எப்படி? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

ப: கூச்சப்பட்டால்தான் சண்டை வரும். ஒரு ஜிப் பை வாங்கி இருவரும் சமமாகப் பணம் போடுங்கள். படகு, ரயில், தண்ணீர், சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள். சொந்தச் செலவு அவரவர் பர்ஸிலிருந்து. பை யார் கையில் இருக்கிறதோ அவர் கணக்கு எழுத வேண்டும், மற்றவர் கணக்குக் கேட்கக் கூடாது. ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் 220 பாத் அல்லது அதற்கு மேல் பிடிக்கிறார்கள், ஆகவே அடிக்கடி எடுக்காதீர்கள். "ரூபாயில் கணக்கிடட்டுமா" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் நகர ரயில் புறப்படும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய்ப் பணம் மாற்றினால், மேல்தளத்தைவிட நல்ல விலை.

கே: பாங்காக்கில் திருவெம்பாவை பாடுகிறார்கள் என்று மார்கழி உபன்யாசத்தில் கேட்டேன். நேரில் பார்த்தீர்களா?
(தஞ்சாவூர் வாசகர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்)

ப: நாங்கள் போனது மார்கழியில் இல்லை ஐயா, அதனால் பாட்டைக் கேட்கவில்லை. இடத்தைப் பார்த்தேன். சாவ் சிங் சா என்கிற பெரிய ஊஞ்சல், இரண்டு உயரமான சிவப்புத் தேக்குக் கம்பங்கள், நடுரோட்டில் நிற்கிறது. ஊஞ்சல் பலகை இல்லை. மார்கழி, தை வாக்கில் சிவனும் திருமாலும் பூமிக்கு வருவதாக ஐதீகம். அவர்களை வரவேற்க அரசவைப் பிராமணர்கள் நடத்தும் விழாவுக்குத் திரியம்பவாய், திரிபவாய் என்று பெயர். திருவெம்பாவை, திருப்பாவை என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பு ஆட்கள் அந்த ஊஞ்சலில் ஏறி உந்தி ஆடி, கம்பத்தில் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935-க்குப் பிறகு ஊஞ்சலாட்டம் இல்லை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்கிற பிராமணர் கோயில், முதலாம் ராமா 1784-ல் கட்டியது. ஓதுகிற பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தாய்லாந்து நாவில் உருண்டு உச்சரிப்பு மாறிவிட்டதால், தெரிந்தவர் சொல்லாமல் நம் காதுக்குத் தமிழென்று பிடிபடாது.

சிலோம் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. கோபுரம் அசல் நம் ஊர்க் கோபுரம். உள்ளே நான் பார்த்த கூட்டத்தில் தமிழர்களைவிடத் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம். தட்டில் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நவராத்திரி முடிந்து விஜயதசமி இரவு அம்மன் வீதி உலா வரும்போது அந்தத் தெருவில் வண்டிகள் போக முடியாது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. எடுத்துவிட்டு அசடு வழியாதீர்கள்.

இன்னொன்று. பாக் கிளோங் தலாத் பூச்சந்தைக்கு ஐயா அவசியம் போக வேண்டும், ராத்திரியிலும் திறந்திருக்கும். மல்லிகை மொட்டும் சாமந்தியும் மூட்டை மூட்டையாக. நாம் பிள்ளையாருக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிற எருக்கம்பூவை அங்கே கல்யாண மாலையில் கோக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். நாருக்குப் பதில் நீள ஊசியில் மொட்டு மொட்டாகக் குத்தி மாலை செய்கிற அந்தக் கைகளை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.

கே: முதுகுவலிக்கு அங்கே மசாஜ் நல்லது என்கிறார்களே?
(கரூர் வாசகி)

ப: உங்களுக்குத்தான் காத்திருந்தேன். வாட் போ வளாகத்தில் பாரம்பரிய மசாஜ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியே இருக்கிறது. அங்கேயே செய்துகொள்ளலாம். தொளதொளவென்று உடை கொடுப்பார்கள், எண்ணெய் கிடையாது, சங்கடம் கிடையாது. முழங்கையாலும் கட்டைவிரலாலும் அழுத்தி, காலைப் பிடித்து மடக்குவார்கள். ஒல்லியான பெண்தானே என்று நினைக்காதீர்கள், என் தோழி "ஐயோ அம்மா" என்று கத்தியது பக்கத்துத் திரைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. இந்தக் கலையை 2019-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. டிஸ்க் விலகல், ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். முடிந்ததும் அடுத்த மண்டபத்தில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பாருங்கள். அவருக்கு முதுகுவலி இல்லை என்பது முகத்திலேயே தெரியும்.

கே: விசா? எந்த மாதம் போகலாம்?
(சேலம், ஈரோடு, காரைக்கால் என்று பலர்)

ப: விசா விதி அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் போடுமுன் தூதரக இணையதளத்தைப் பாருங்கள், சித்தப்பா மகன் போன வருஷம் சொன்னதை நம்பாதீர்கள். 2025 மே மாதத்திலிருந்து வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம். பணம் கேட்கிற தளம் போலி. நவம்பர் முதல் பிப்ரவரிவரை வெயில் தாங்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 13 முதல் 15 வரை, அவர்களுக்கும் புத்தாண்டு. வயது பார்க்காமல் தெருவில் வாளியோடு தண்ணீர் ஊற்றுவார்கள். நனையத் தயார் என்றால் போங்கள். மின் சிகரெட் அங்கே சட்டவிரோதம், கூட வருகிற இளசுகளின் பையைச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கே: டூரியன் சாப்பிட்டீர்களா?
(நாகர்கோவில் வாசகி)

ப: சாப்பிட்டேன், யாவோராட்டில், நடைபாதையில் நின்றபடி. அந்த முள்பழத்தின் நாற்றம் தாங்காமல் தோழி எதிர்ச் சாரிக்குப் போய்விட்டாள். முதல்முறை என்றால் மொன்தோங் என்கிற ரகத்தைக் கேளுங்கள், வாசனை கொஞ்சம் அடக்கம், சுளை பெரிது, இனிப்பு நிறைய. கிலோ விலையையும் சுளையின் மொத்த விலையையும் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், நல்ல பழம் நம் பலாப்பழ விலையில் கிடைக்காது. அங்கேயே தின்று முடித்துவிடுங்கள். பெரும்பாலான ஓட்டல்களில் வாசலிலேயே டூரியன் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருக்கும், மீறினால் அபராதம். எதிர்ச் சாரியில் நிற்பவளுக்கு அரைக் கிலோ மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு போங்கள், பொதுப் பையிலிருந்து இல்லை, உங்கள் பர்ஸிலிருந்து.